லண்டன் – நியூயார்க்: தூரம் ஒன்றுதான், போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன்?

வழிப்போக்கன்:
லண்டன் – நியூயார்க் விமான தூரம் சுமார் 5,540 கி.மீ. என்று வருகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்தால் 6 மணி 10 நிமிடத்தில் போய்விட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் போக கிட்டத்தட்ட 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம் என்று இருக்கிறது. இரண்டு ஊருக்கும் உள்ள 5 மணி நேர வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகுதான் சொல்கிறேன், அதை யாரும் விளக்க வேண்டாம். ஒரே தூரத்துக்கு எப்படி இரண்டு கணக்கு?

சுழியன்:
பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறதே, அதனால்தான்.

மேகக்கூட்டம்:
சுழியன், அப்படிப் பார்த்தால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி நியூயார்க் அல்லவா ஓடி வர வேண்டும்! காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் அந்தக் கணக்கு எடுபடாது. உண்மையான காரணம் ஜெட் ஸ்ட்ரீம். விமானங்கள் பறக்கும் 9 – 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று அது. (அந்தக் காற்று அப்படித் திரும்புவதற்கு பூமியின் சுழற்சியும் ஒரு காரணம், அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி.) மணிக்கு 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது தரை வேகம் 800, சுமார் 6 மணி 55 நிமிடம். வரும்போது 1,000, சுமார் ஐந்தரை மணி நேரம். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது.

வழிப்போக்கன்:
சரி, அப்போதும் ஒரு மணி நேரம் இடிக்கிறதே?

பழைய திசைகாட்டி:
டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. ஒரு கேட்டிலிருந்து கிளம்பி இன்னொரு கேட்டில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்கும் முன் வட்டமடிப்பது, அப்புறம் தாமதமானால் சமாளிக்க நிறுவனம் சேர்த்து வைக்கும் நிமிடங்கள், எல்லாம் அதில் அடக்கம். அந்த 5,540 கி.மீ.யும் உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய வளைவின் நீளம்தான், விமானம் அப்படியே அதில் போவதில்லை. அட்லாண்டிக்கில் காற்றைப் பார்த்து தினமும் பாதையை மாற்றுவார்கள், சுற்றிப் போனாலும் எரிபொருள் மிச்சமானால் அதுதான் நல்ல வழி. சில இடங்களில் வான்வெளியே கிடைக்காது. ஹெல்சிங்கி – டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம், 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு 13 மணி நேரம் வரை இழுக்கிறது. ஊர் இரண்டும் நகரவில்லை, தூரம் காட்டும் தளங்களிலும் அதே எண்தான்.

வழிப்போக்கன்:
அப்போ இணைப்பு விமானம் பிடிக்க எந்த நேரத்தை நம்புவது?

மேகக்கூட்டம்:
டிக்கெட்டில் உள்ளதை. அதோடு, விமானங்களைப் பின்தொடரும் தளங்களில் அதே விமானம் கடந்த சில நாட்களில் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று பாருங்கள். குளிர்காலப் பயணமென்றால் குளிர்கால நாட்களையே பாருங்கள், ஜெட் ஸ்ட்ரீம் அப்போதுதான் பலமாக இருக்கும்.