'டிஃபர்ட் ரிலே'க்குத் தமிழில் என்ன? பரோக் ஓபெரா ஒலிபரப்பை முன்வைத்து

வணக்கம்.

வானொலிச் சொற்களைப் பற்றி இந்தக் குழுவில் பேசியபோது, 'லைவ்' என்பதற்கு நேரலை நிலைத்துவிட்டது, அதை இனி அசைக்க வேண்டாம் என்று பேசி முடித்தோம். அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சொல்லைத் தொடாமலே விட்டுவிட்டோம். அரங்கில் ரசிகர்கள் முன் நடக்கும் நிகழ்ச்சியை வானொலி முழுதாகப் பதிவு செய்கிறது. அன்றைக்கு ஒலிபரப்புவதில்லை. சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் அது முதன்முதலாகக் காற்றில் வருகிறது. இதை ஆங்கிலத்தில் டிஃபர்ட் ரிலே என்கிறார்கள். பிரெஞ்சில் 'ஆன் டிஃபெரே', இத்தாலியனில் 'இன் திஃபெரீத்தா'. எல்லாமே 'தள்ளிவைத்தது' என்ற பொருள்தான்.

இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அரிதாக மேடையேறும் பரோக் ஓபெராக்களை (பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் இசை நாடகங்கள்) ஐரோப்பிய வானொலிகள் எப்படித் தங்கள் நிரலில் பொருத்துகின்றன என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பத்தியிலேயே பேனா நின்றுவிட்டது. இந்த இசை வானொலியில் வருவதில் பெரும்பங்கு இப்படித் தள்ளிவைத்து வருவதுதான். அதற்குச் சொல் இல்லாமல் கட்டுரையை நகர்த்த முடியவில்லை.

'தாமத ஒலிபரப்பு' போதாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். போதாது என்பது என் உறுதியான கருத்து. தாமதம் என்றால் ஏதோ தவறிவிட்டது என்று பொருள். ரயில் தாமதம், சம்பளம் தாமதம். இங்கே யாரும் எதையும் தவறவிடவில்லை, திட்டமிட்டே வைத்திருக்கிறார்கள். ஏன் வைக்கிறார்கள் என்று பார்த்தால் சொல்லும் அதிலிருந்தே கிடைக்கலாம் என்று நினைத்தேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரணம் நாட்காட்டி. இந்த ஓபெராக்கள் பெரும்பாலும் விழாக்களில் மட்டும் உயிர்பெறுகின்றன. ஜெர்மனியின் கோட்டிங்கனில், பரோக் காலத்து இசையமைப்பாளர் ஹேண்டலின் பெயரிலான விழா மே மாதத்தை ஒட்டி நடக்கும். 1920இல் அங்கே 'ரொடெலிண்டா'வை மேடையேற்றியதில் இருந்துதான் ஹேண்டலின் ஓபெராக்களுக்கு இந்தக் காலத்தில் மறுவாழ்வு தொடங்கியது. அடுத்து ஜூனில் ஹாலே, ஆகஸ்டில் இன்ஸ்ப்ருக், செப்டம்பரில் பைராய்டின் பரோக் விழா. எல்லாம் நான்கைந்து மாதத்துக்குள் வந்து குவிந்துவிடும். முழுநீள ஓபெராவுக்கு ஒரு நிலையத்தில் வாரத்துக்கு ஓர் இடம் கிடைத்தாலே அதிகம். பல நாடுகளில் அது சனிக்கிழமை மாலை. கோடையில் விளைந்ததைக் குளிர்காலம் வரை வைத்துச் சாப்பிடுவது மாதிரிதான். குதிரில் கிடக்கும் நெல்லைத் தாமத நெல் என்று யாராவது சொல்வோமா?

இரண்டாவது, நீளமும் கடிகாரமும். ஹேண்டலின் முழு ஓபெரா என்றால் இடைவேளை சேர்த்து நான்கு மணி நேரத்தைத் தொடும். பாட்டின் முதல் பகுதி அலங்காரங்களோடு திரும்ப வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டல் உண்டு, அது எவ்வளவு நேரம் நீளும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு நடுவில் குடல்நரம்புத் தந்திகள். கோடைப் புழுக்கத்தில் அரங்கு சூடேறினால் சுருதி பிசகிவிடும். தியோர்போ என்ற நீண்ட கழுத்து வீணைக்குப் பொதுவாகப் பதினான்கு தந்தி இருக்கும். அதைச் சுருதி கூட்டும்வரை அரங்கில் இருப்பவர் பொறுமையாகக் காத்திருப்பார். வானொலியில் அந்த மௌனம் ஒரு நிமிடம் நீண்டால் நிலையம் பழுதாகிவிட்டது என்றே கேட்பவர் நினைப்பார். செய்தி நேரமோ யாருக்காகவும் நகராது. பதிவு கையில் இருந்தால் சுருதி கூட்டுவதை வெட்டலாம், கைதட்டலைச் சுருக்கலாம், அங்கத்துக்கு அங்கம் நேரத்தை நிமிடக் கணக்கில் நிரலில் எழுதலாம். இரண்டு இரவுகளைப் பதிவு செய்து, ஒன்றில் பிசகிய இடத்தை மற்றதிலிருந்து எடுத்து ஒட்டுவதும் உண்டு.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் கேட்பவர் மீதுள்ள அக்கறை தெரிகிறது. 'கார்மென்' போன்ற புகழ்பெற்ற ஓபெராவின் கதை பலருக்குத் தெரியும். ஸ்டெஃபானியின் 'நியோபே'யோ போர்ப்போராவின் 'கார்லோ இல் கால்வோ'வோ யாருக்குத் தெரியும்? அதிலும் பரோக் ஓபெராவில் நாயகன், வில்லன், நாயகி என்று பெரும்பாலானவர்கள் உச்சக் குரலில் பாடுவார்கள். அன்று காஸ்ட்ராட்டோ (குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே காயடிக்கப்பட்ட ஆண் பாடகர்) பாடியதை இன்று பெண்ணோ, உச்சக் குரலில் பாடப் பழகிய ஆணான கவுண்டர்டெனரோ பாடுகிறார். போதாததற்கு மாறுவேடம் வேறு. மேடையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பவருக்கு யார் யாரை மணக்கப்போகிறார் என்றே பிடிபடாது. இந்த அங்கத்தில் முதலில் வரும் குரல் இன்னாருடையது, அவர் இப்போது ஆணாக நடிக்கும் பெண் என்று ஒருவர் தெளிவாக எழுதி வாசிக்க வேண்டும். அதற்கு அவர் பதிவை இரண்டு மூன்று முறையாவது கேட்டாக வேண்டும். நேரலையில் அந்த வசதி ஏது?

பதிவின் உரிமை, ஒப்பந்தம் இவையும் உண்டு. ஒரு நாட்டு வானொலி பதிவு செய்ததை ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வழியாக மற்ற நாட்டு நிலையங்கள் பெற்றுக்கொள்ளும். ஒவ்வொரு நிலையமும் தன் வசதிக்கு ஒரு தேதி வைத்துக்கொள்ளும். ஒரே மாலை நடந்த ஓபெரா ஒரு நாட்டில் அக்டோபரிலும் இன்னொரு நாட்டில் பிப்ரவரியிலும் முதல்முறையாகக் கேட்கும். அதனால்தான் 'மறு ஒலிபரப்பு' என்பதும் பொருந்தாது என்கிறேன். பிப்ரவரியில் கேட்பவருக்கு அது முதல் ஒலிபரப்பு.

பதிவுகளே இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒரு சான்று. 2009இல், ஹேண்டல் இறந்த 250ஆம் ஆண்டில், பிபிசி ரேடியோ 3 அவருடைய 42 ஓபெராக்களையும் ஒரே ஆண்டில் ஒலிபரப்பியது. வியாழக்கிழமை பிற்பகலில், வாரம் ஒன்றாக. நேரலையை மட்டும் நம்பியிருந்தால் அந்த நிரலைப் போட்டிருக்கவே முடியாது.

நேரலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1959இல் ஜெர்மனியின் கொலோன் வானொலி ஹேண்டலின் 'அல்சீனா'வை ஒலிபரப்பியபோது புகழ்பெற்ற பாடகர்கள் ஜோன் சதர்லேண்டும் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷும் பாடினார்கள். வாசித்தது அந்த வானொலியே 1954இல் உருவாக்கிய காபெல்லா கொலோனியென்ஸிஸ் என்ற பழைய இசைக்கருவிக் குழு. ஹெர்னே நகரில் 1976இல் தொடங்கிய, டபிள்யூடிஆர் (அதே கொலோன் வானொலி) நடத்தும் பழைய இசை விழாவில் நேரலையும் உண்டு. அங்கே விழாவை நடத்துவதே வானொலி என்பதால் கச்சேரி தொடங்கும் நேரத்தையும் இடைவேளையையும் நிரலோடு ஒத்துப்போகும்படி வைக்க முடிகிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் 'லே பொரெயாத்' ஓபெராவின் கதை இன்னும் வியப்பு. 1763இல் ஒத்திகை நடந்தது, அடுத்த ஆண்டு ராமோ இறந்துவிட்டார், படைப்பு மேடை ஏறவில்லை. 1964இல் பாரிஸில் பிரெஞ்சு வானொலி அதை ஒலிபரப்பியது. பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் முழுமையாக மேடையேறியது 1982இல்தான். மேடைக்கு முன்பே வானொலிக்கு வந்த ஓபெரா அது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

'பின்னேரலை' என்று ஒரு யோசனை வந்தது. பின் + நேரலை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நேரலை என்பதே நடக்கும்போது வருவது, அதன் முன்னால் 'பின்' வைத்தால் சொல் தன்னையே மறுக்கிறது. இலங்கை நண்பர்களுக்குப் பின்னேரம் என்றால் மாலைப்பொழுது. பின்னேரலை என்றால் மாலை நிகழ்ச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

என் முன்மொழிவு நம் வானொலியிலேயே கிடக்கும் ஒரு பழைய சொல்லிலிருந்து வருகிறது: அஞ்சல். அகில இந்திய வானொலி அறிவிப்புகளில் 'இந்நிகழ்ச்சியைத் திருச்சி, மதுரை நிலையங்கள் அஞ்சல் செய்கின்றன' என்று கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருப்பீர்கள். ரிலே என்பதற்கு எவ்வளவு கச்சிதமான சொல்! ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போவது அதிலேயே இருக்கிறது. அதனால் நடக்கும்போதே போனால் நேரஞ்சல், வைத்துப் போனால் பின்னஞ்சல். புணர்ச்சியும் இயல்பாக விழுகிறது. நமக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1954இல் தொடங்கிய வானொலி சங்கீத சம்மேளனக் கச்சேரிகளை அழைப்பு ரசிகர்கள் முன் பதிவு செய்து பிறகு நாடு முழுக்க ஒலிபரப்பினார்கள். அது பின்னஞ்சல்தான், பெயர்தான் வைக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். பின்னஞ்சலுக்கும் மின்னஞ்சலுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. காகிதத்தில் சமாளிக்கலாம். வானொலி காதுக்கானது. 'உங்கள் கருத்துகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள்' என்று சொல்லும் அதே அறிவிப்பாளர் அடுத்த வரியில் 'இந்தப் பின்னஞ்சல்' என்றால் கேட்பவர் நிச்சயம் தடுமாறுவார்.

இரண்டு நாள் யோசித்தபின் எனக்குத் தோன்றுவது, இங்கே இரண்டு பொருள்களை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம் என்பது. ஜெர்மன் நிலையங்கள் நிரலில் 'அவுஃப்ட்ஸைஷ்னுங்' (பதிவு) என்று போட்டு, எந்த நாள், எந்த அரங்கு என்று எழுதுகின்றன. தள்ளிவைத்தது என்ற பேச்சே அதில் இல்லை. எங்கே, எப்போது நடந்ததன் பதிவு என்பதுதான் கேட்பவருக்கு வேண்டும். அதற்கு நமக்கு 'அரங்கப்பதிவு' போதும். ஒலிக்கூடப் பதிவிலிருந்து அது பிரிந்தும் நிற்கும், ரசிகர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லும். நிரல் அமைப்பவருக்கோ செயலைக் குறிக்கும் சொல் வேண்டும்: எந்த நிலையம், எந்த நாளுக்கு வைத்து அனுப்புகிறது என்று. அங்கே பின்னஞ்சல் இருக்கட்டும். அவர் மேசையில் இருக்கும் தாளில் மின்னஞ்சலோடு குழம்ப வழியில்லை.

ஆகவே காற்றில் போகும் அறிவிப்பு இப்படி இருக்கும்: 'இப்போது போர்ப்போராவின் கார்லோ இல் கால்வோ. பைராய்டின் மார்க்கிரேவ் ஓபெரா அரங்கில் 2020 செப்டம்பரில் நடந்த நிகழ்வின் அரங்கப்பதிவு.' நிரல் தாளில்: 'சனி, மாலை 7.00, பின்னஞ்சல், 3 அங்கம், 2 இடைவேளை.'

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குறிப்பாக நிலையங்களில் வேலை பார்த்தவர்கள், ஒலிவாங்கி முன்னால் 'அரங்கப்பதிவு' என்று தடையில்லாமல் வருகிறதா, ப்-ப இரட்டிப்பில் காற்று வெடிக்கிறதா என்று சொன்னால் உதவியாக இருக்கும். வெடித்தால் 'அரங்கின் பதிவு' என்று பிரித்துச் சொல்லலாமா என்றும் பார்க்க வேண்டும்.