‘இயற்கை ஆவி’ வேண்டாம், ‘அணங்கு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்லாவிய ஓவியங்கள் பற்றிய கட்டுரையில், ரஷ்யர் முதலான ஸ்லாவிய மக்களின் நம்பிக்கையில் காட்டிலும் நீரிலும் வீட்டிலும் குடியிருப்பவர்களைக் குறிக்க ‘இயற்கை ஆவி’ என்ற சொல்லை முடிவு செய்யும் முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆவி என்றதும் நமக்குச் செத்தவர் ஆவிதான் நினைவுக்கு வரும். ரஷ்யக் கதைகளில் வரும் லேஷி செத்தவன் இல்லை, காட்டுக்கு உடையவன். மரத்துக்குச் சமமாக உயர்வான், புல்லளவுக்குக் குறுகுவான், வழிப்போக்கரைத் திசை தப்ப வைப்பான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் அவனிடமிருந்து தப்பலாம் என்று ரஷ்யக் கிராமங்களில் நம்பினார்கள்.

நீர்நிலையில் இருக்கும் பெண்ணான ருசால்காவைக் ‘கடற்கன்னி’ என்பது அதைவிட மோசம். ரஷ்ய ஓவியர் கிராம்ஸ்கோய் 1871இல் வரைந்த ருசால்கா ஓவியத்தைப் பாருங்கள், எழுத்தாளர் கோகோலின் கதை ஒன்றை வைத்து வரைந்தது, மாஸ்கோ திரெத்யாகோவ் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. நிலா வெளிச்சம், நாணல், மேட்டில் ஒரு பழைய வீடு, நீர்க்கரையில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்தும் சாய்ந்தும் கிடக்கிற பெண்கள். கடலும் இல்லை, மீன்வாலும் இல்லை. இவர்கள் நீரில் மூழ்கியோ காலத்துக்கு முன்போ செத்துப்போன பெண்கள்; பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாளை ஒட்டிய வாரத்தில் கரையேறி வந்து, வெள்ளைப் பட்டை கொண்ட வடநாட்டு மரமான பிர்ச்சின் கிளைகளில் ஆடுவார்கள், வாரம் முடிந்ததும் ஊரார் சடங்கு செய்து வழியனுப்பிவிடுவார்கள் என்பது நம்பிக்கை. கன்னி என்ற பாதி ஓரளவு பொருந்தும், ஆனால் ‘கடல்’ வாசகரை முழுக்க வேறு கதைக்குக் கூட்டிப்போய்விடுகிறது.

என் முன்மொழிவு ‘அணங்கு’. மலையிலும் நீர்த்துறையிலும் இருந்து வருத்துகிற சக்திக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பெயர் இது, இதில் அழகும் உண்டு பயமும் உண்டு. இடத்தை முன்னால் சேர்த்தால் போதும்: ருசால்கா நீரணங்கு, லேஷி காட்டணங்கு, அடுப்படியில் குடியிருக்கும் தமவோய் மனையணங்கு. மூலப்பெயரை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது மட்டும் இந்த வகைப்பெயரைப் பக்கத்தில் சேர்க்கலாம்.

அணங்கு என்றால் பெண்தானே, லேஷி, தமவோய் மாதிரித் தாடிக்காரக் கிழவனுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இன்றைய காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆனால் தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று அடுக்கும்போது ஆண் பெண் பார்க்கவில்லையே.

அப்புறம் இன்னொரு ரஷ்ய ஓவியர் விரூபெல் 1899இல் வரைந்த ஓவியம். தலைப்பு ‘பான்’, கிரேக்கத் தெய்வத்தின் பெயர்தான், ஆனால் பின்னால் நிற்பது பிர்ச் மரங்கள், தாழ்ந்து தொங்குவது வடக்கத்திப் பிறை, கையில் குழலோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவனின் வெளிர்நீலக் கண்கள் சதுப்புநிலத் தண்ணீரின் நிறத்திலேயே இருக்கின்றன. ரஷ்யர்கள் அவனிடம் லேஷியைக் கண்டதில் வியப்பில்லை. இந்தப் படத்தின் கீழே ‘ஆவி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ‘காட்டணங்கு’ என்றால் தயங்காமல் எழுதுவேன்.

நண்பகலில் வயலில் வேலை செய்பவர்களைப் பிடிக்கும் பலூத்னித்சாவுக்கு மட்டும் இடத்தைவிட நேரம்தான் முக்கியம். ‘உச்சியணங்கு’ சரியாக வருமா, இல்லை உச்சி என்றால் மலையுச்சி என்று படித்துவிடுவார்களா? ‘நண்பகலணங்கு’ நீளமாகத் தெரிகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.