துடைத்தால் வெள்ளைப் புள்ளி: யன்னல் பிளைண்ட்ஸுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். கொக்குவிலில் காங்கேசன்துறை வீதியோரமாக வீடு. யன்னல்களுக்கு அலுமினியப் பிளைண்ட்ஸ் போட்டிருக்கிறோம். கிடைத்தகடு, 25 மில்லிமீற்றர் அகலம், கடும் மண்ணிறம். சோளகக் காற்று தொடங்கியதிலிருந்து காலையில் துடைத்தால் பின்னேரம் அதில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

ஹோலில் இருப்பது வெறும் தூசி. தகடுகளை மூடிவிட்டு, காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டினால் போய்விடுகிறது. பிரச்சினை குசினி யன்னல்தான். தாளிக்கிற எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. வக்கியூம் இழுக்கவில்லை. பழைய சொக்ஸைக் கையில் மாட்டி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். அழுக்கு நன்றாகவே போனது. ஆனால் காய்ந்ததும் தகடு முழுக்க வெள்ளைப் புள்ளி. கயிறு போகும் ஓட்டையைச் சுற்றி வளையமாகவே படிந்திருக்கிறது. எங்கள் கிணற்றில் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலின் உள்ளே பார்த்தாலே தெரியும். ஈரம் காயுமுன் உலர்ந்த துணியால் துடைத்தால் குறைகிறது, சரி, ஆனால் கயிற்றடிக்குள் துணி போகாதே.

கழற்றி முற்றத்தில் வைத்து ஹோஸ் அடிக்கச் சொல்கிறார்கள். அதுவும் இதே தண்ணீர்தான்! வினாகிரியும் சொன்னார்கள், நிறப்பூச்சு மங்கிவிடுமோ என்று இன்னும் தொடவில்லை.

கயிற்றைக் கழற்றாமல், பூச்சும் கெடாமல், இந்த வெள்ளைப் புள்ளியை எடுக்க நீங்கள் எதைப் பாவிக்கிறீர்கள்?