அடிமை முதலாளிகளின் வாரிசுகள் 2015 வரை பணம் வாங்கினார்களா?

செந்தில்_கரூர்:
பிரிட்டிஷ் நிதித்துறை 2018 பிப்ரவரியில் ட்விட்டரில் ஒரு பதிவு போட்டு, பிறகு அழித்துவிட்டது. 1833 அடிமை ஒழிப்புச் சட்டப்படி அடிமைகளை விடுவிக்க, அவர்களின் முதலாளிகளுக்கு இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டுக்கான கடன் 2015இல்தான் தீர்ந்ததாம். அதுவரை முதலாளிகளின் வாரிசுகளுக்குப் பணம் போனது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பழைய_கேஷியர்:
வாரிசுகளுக்குப் போகவில்லை, தம்பி. வங்கியில் கடன் பத்திரங்களோடு காலம் தள்ளியவன் நான், அதனால் இந்தப் பகுதி எனக்குப் புரியும். முதலாளிகளுக்குப் பெரும்பாலும் 1830களிலேயே பட்டுவாடா முடிந்துவிட்டது. அதற்காக அரசு 1835இல் லண்டன் நிதிப் புள்ளிகளான நேதன் ராத்ஸ்சைல்டு, மோசஸ் மாண்டிஃபியோரி தரப்பிடம் ஒன்றரைக் கோடி பவுண்டு கடன் வாங்கியது. அந்தக் கடன் முதிர்வுத் தேதியே இல்லாத பத்திரங்களில் போய்ச் சேர்ந்தது. வட்டி கட்டிக்கொண்டே போகலாம், அசலுக்கு அவசரமில்லை. பின்னால் வேறு கடன்களோடு கலந்து, பெயர் மாறி, கை மாறி ஓடி, 2015இல் கணக்கு மூடப்பட்டது. அப்போது பத்திரம் வைத்திருந்தவர்கள் முதலீட்டாளர்கள், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது அந்தக் காலத்துப் பேரேடு. மேஸ்திரி, கைத்தொழில் தெரிந்தவர், வயலாள், வீட்டு வேலையாள், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, முடியாத கிழவர் என்று வகை பிரித்து விலை போட்டிருக்கிறார்கள். 1822 முதல் 1830 வரை சந்தையில் விற்ற விலைதான் அடிப்படை. அதனால் ஜமைக்காவில் தலைக்குச் சுமார் 20 பவுண்டு, கரும்புக்கு ஆள் பற்றாத பிரிட்டிஷ் கயானாவில் 50க்கும் மேல். விடுதலையான சுமார் எட்டு லட்சம் பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. போதாக்குறைக்கு, 1834 ஆகஸ்ட் 1இல் விடுதலை என்று சொல்லிவிட்டு, வேலை பழகுகிறவர்கள் என்ற பெயரில் பழைய முதலாளியிடமே வாரம் 45 மணி நேரம் வரை சம்பளமில்லாமல் உழைக்க வைத்தார்கள். கரீபியனில் 1838இல்தான் அது முடிந்தது. இழப்பீட்டில் ஒரு பங்கை அடிமைகளே உழைத்துக் கட்டினார்கள் என்பேன்.

செந்தில்_கரூர்:
விளக்கத்துக்கு நன்றி சார். அந்தச் சட்டம் நம் ஊர்ப் பண்ணையடிமைகளுக்கும் பொருந்தியதா?

போர்ட்லூயி_வாசி:
இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலினா மூன்றையும் வெளியே வைத்துவிட்டார்கள். இந்தியாவுக்கு 1843இல் தனிச் சட்டம். அதில் இழப்பீடு கிடையாது. அடிமை மீது உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவே.

எங்கள் மொரீஷியஸ் தோட்ட முதலாளிகளுக்கு 21 லட்சம் பவுண்டு கிடைத்தது. விடுதலையானவர்களின் இடத்துக்கு ஆள் வேண்டுமே, அட்லஸ் கப்பல் 1834 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இங்கே இறக்கியது. அப்புறம் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இங்குள்ள தமிழர்களில் பலர் அந்த வழி வந்தவர்கள்தான்.

பழைய_கேஷியர்:
கயானாவிலும் இதே கதை. பிற்காலப் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அப்பா ஜான் கிளாட்ஸ்டன் தன் 2,508 அடிமைகளுக்கு ஈடாக 1,06,769 பவுண்டு வாங்கினார். 1836லேயே கல்கத்தா கம்பெனி ஒன்றுக்கு ஆள் கேட்டு எழுதிவிட்டார். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் கப்பல்களில் இந்தியர்கள் போய் இறங்கினார்கள்.

செந்தில், நண்பரிடம் வாதாட வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் இந்த இழப்பீட்டுக் கணக்கை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதலாளி பெயரையோ தோட்டத்தின் பெயரையோ போட்டால், எத்தனை அடிமைகள், எவ்வளவு தொகை என்று வரும்.