பள்ளிக் கட்டடத்துக்காக அலைஞ்ச அனுபவம் யாருக்கு இருக்கு?

2022-ல பள்ளி மேலாண்மைக் குழுவை மறுகட்டமைப்பு செஞ்சாங்க. 20 பேர்ல 15 பேர் பெற்றோர். தலைவர் ஒரு அம்மாவாத்தான் இருக்கணும்னு விதி. என் மக அப்போ மூணாம் வகுப்பு. பக்கத்துல உக்காந்திருந்தவங்க என் பேரைச் சொல்ல, தலைவர் ஆயிட்டேன்.

முதல் வேலையா பின்பக்க வகுப்பறையைப் போய்ப் பார்த்தேன். கூரையில காரை உதிர்ந்து, துருப்பிடிச்ச கம்பி வெளியே தெரிஞ்சது. மழை வந்தா பிள்ளைங்க பையை மடியில வெச்சுக்கிட்டு சுவரோரம் ஒதுங்கிடுவாங்களாம். அந்தச் சுவரைப் பார்த்ததும் 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 பிள்ளைங்க செத்ததுதான் நினைவு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூங்கலை.

எங்களுது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. டீச்சருங்க கல்வித் துறைக்குக் கீழ, கட்டடம் ஒன்றியத்துக்குக் கீழ. இது புரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. கல்வி அலுவலகத்துல "பி.டி.ஓ. ஆபீஸ் போங்க"ன்னாங்க, அதாவது ஒன்றியத்தோட வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ். அங்க போனா "ஸ்கூல்லேருந்து லெட்டர் வரணும்"னாங்க. ஹெச்.எம். ஏற்கெனவே மூணு லெட்டர் எழுதியிருந்தாங்க.

அப்புறம் குழுவைக் கூட்டி தீர்மானம் போட்டோம். நாலு பேர் கைரேகை வெச்சாங்க. அதையே அக்டோபர் 2 கிராம சபையிலயும் வெச்சோம். அடுத்த மாசம் இன்ஜினியர் வந்து சுத்தியலால தட்டினார். ரெண்டாவது தட்டுலயே ஒரு பாளம் பேந்து விழுந்துச்சு. குழந்தை நேயப் பள்ளித் திட்டத்துல ரெண்டு அறை வந்துச்சு. அதுவரைக்கும் வகுப்பு சத்துணவுக்கூட வராண்டாவுலதான். திறந்தப்ப என் மக அஞ்சாம் வகுப்பு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. என் அனுபவத்தையும் சொல்கிறேன். 2018 மே மாதம் கல்வி அலுவலகங்களை மாற்றியமைத்த அரசாணை 101 வந்தது. மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பணியிடம் போனது, உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் வட்டாரக் கல்வி அலுவலர் ஆனார். எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவர்க் கோப்பு பழைய அலுவலகத்தில் எந்தக் கட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நானே தரையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துத் தேடினேன். 2022-ல் தொடக்கக் கல்விக்கு மறுபடி தனி மாவட்டக் கல்வி அலுவலர் வந்தார். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கட்டடம் பற்றிய ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகலைப் பள்ளி பீரோவிலேயே வையுங்கள்.

முன்னாள் மாணவர்:
2024-ல முன்னாள் மாணவர்களையும் சேர்த்து குழுவை 24 பேர் ஆக்கினப்ப வந்தவன் நான். எங்க ஊர்ல பழைய கட்டடத்தை இடிச்சுட்டாங்க, இடம் இன்னும் காலியாவே கிடக்கு. அக்கா, நீங்க இடிக்கவும் புதுசு கட்டவும் தனித்தனியா எழுதினீங்களா?

முதல் பதிவு எழுதியவர்:
இல்ல தம்பி, ஒரே தீர்மானம்தான். "இடித்துவிட்டு அதே இடத்தில் இரண்டு வகுப்பறை"ன்னு ஒரே வரியில எழுதச் சொன்னது எங்க ஹெச்.எம்.தான். நீங்க அடுத்த கிராம சபைக்கு முன்னாடியே குழுவைக் கூட்டிடுங்க. எங்க தீர்மானத்தோட நகல் வேணும்னா அனுப்பி வைக்கிறேன்.