வளைந்த பரப்புகளை கேட் (CAD) மென்பொருளில் வரையும்போது எங்கே சிக்குகிறது? மிக்ஸி பாடி முதல் பம்ப் இம்பெல்லர் வரை: அனுபவப் பகிர்வு

பிளாஸ்டிக் அச்சு டிசைன்:

மிக்ஸி பாடி மாதிரி சமச்சீரான பாகத்தைப் பாதி வரைந்து மிரர் செய்வதுதான் வழக்கம். கெட்டுப்போவதும் அந்த நடுக்கோட்டில்தான். ஸ்ப்லைன் (மென்பொருள் வரையும் வழவழப்பான வளைகோடு) நடுத்தளத்தைத் தொடும் இடத்தில் அதன் தொடுகோடு தளத்துக்குச் செங்குத்தாக இல்லையென்றால், மிரர் செய்ததும் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு எழும்பும். செங்குத்தாக வைத்துவிட்டால் வளைவின் அளவு இரண்டு பக்கமும் தானாக ஒன்றிவிடும், கண்ணாடி பிம்பம்தானே.

அதோடு விட்டுவிடாதீர்கள். கர்வேச்சர் காம்பைப் (வளைவின் அளவைச் சீப்புப் பற்களாகக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். சீப்பின் பற்கள் நடுக்கோட்டை நெருங்க நெருங்க உயர்ந்து அங்கே கூம்பாக முடிந்தால், பளபளப்பான பாகத்தில் விளக்கொளி அந்த இடத்தில் உடைந்து தெரியும். பற்களின் உச்சி நடுவில் படுத்தாற்போல் கடக்க வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, படத்தைப் பின்னால் வைத்து 14, 15 புள்ளி குத்தி ஸ்ப்லைன் இழுப்பது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன அலையைக் கூட்டிக்கொண்டு வரும். சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் ஸ்டைல் ஸ்ப்லைன் எடுத்து, 6 கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு டிகிரி 5 பெசியேராக (கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இழுத்து வடிவம் தரும் ஒரே துண்டு வளைகோடு) வையுங்கள். அதில் அடங்காத வளைவு என்றால் புள்ளியைக் கூட்டாமல் வளைவை இரண்டாகப் பிரியுங்கள். ஓரக்கோடு சரியில்லாத இடத்தில் எந்தக் கமாண்டும் நல்ல பரப்பைத் தராது.

ஷெல் ஃபெயில் ஆகிறவர்களுக்கு:

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷெல் (திடப் பாகத்தைக் குடைந்து ஒரே தடிமன் சுவராக்கும் கமாண்ட்) ஃபெயில் ஆக பெரும்பாலும் இரண்டே காரணம்.

ஒன்று, ஆரம். சுவர் 2.5 மில்லி, வெளிப்புறம் ஏதோ ஒரு மூலையில் வளைவு ஆரம் 1.8 மில்லி என்று வையுங்கள். உள்ளே 2.5 தள்ளும்போது அந்த மூலை தன்னைத்தானே தாண்டிப் புரண்டுவிடும். செக் கமாண்டில் குறைந்தபட்ச வளைவு ஆரம் என்ற பெட்டியை டிக் செய்தால் எந்த இடம் என்று அம்புக்குறியே காட்டும். அதை 3 மில்லிக்கு மேல் கொண்டுவாருங்கள், அல்லது ஷெல் முடிந்த பிறகு அந்த ஃபில்லட்டைப் (மூலை உருட்டலை) போடுங்கள்.

இன்னொன்று, மூன்று பக்கப் பரப்பு. லாஃப்ட் (பல வளைவுகளை இணைத்துப் போடும் பரப்பு) ஒரு முனையில் புள்ளியாகக் குவிந்தால், பரப்பின் கோடுகள் எல்லாம் அங்கே ஒன்றாகச் செருகிக்கொள்ளும். அந்தப் புள்ளியில் ‘எது வெளிப்பக்கம்’ என்று மென்பொருளால் கணக்கிட முடியாது. ஆஃப்செட் (பரப்பைத் தள்ளி வைப்பது), ஷெல், திக்கன் (பரப்புக்குத் தடிமன் கொடுப்பது) மூன்றுமே அங்கே விழும். தீர்வு: முனையிலிருந்து 15-20 மில்லி தள்ளி, பட்டம் மாதிரி நாலு பக்கத் துண்டை ஸ்கெட்ச் போட்டு ட்ரிம் செய்யுங்கள். இரண்டு பக்கம் பழைய ஓரங்கள், இரண்டு பக்கம் புதிதாக வெட்டியவை. அந்த ஓட்டையை ஃபில்டு சர்ஃபேஸால் மூடி, வெட்டிய ஓரங்களுக்கு மட்டும் கர்வேச்சர் தொடர்ச்சி கொடுங்கள். நுனியை 2 மில்லி மட்டும் சுரண்டினால் பிரச்சினை புது ஒட்டுக்கு இடம் மாறுமே தவிர தீராது.

இடம் இருந்தால் இதைவிடச் சுத்தமான வழி உண்டு. நாலு பக்கப் பரப்பைத் தேவைக்கும் பெரிதாக வரைந்து, பிறகு மூன்று பக்கமாக வெட்டிக்கொள்வது.

வார்ப்பு பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) வேலை:

கோவைப் பக்கம் பம்ப் வேலையில் இருப்பவர்களுக்கு இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) பிளேடுதான் தலைவலி. ஹப் (நடுக்குடம்), ஷ்ரௌட் (மேல்மூடி) இரண்டையும் ரிவால்வ் பரப்பாகப் (அச்சைச் சுற்றிச் சுழற்றியது) போட்டு, நடுவில் 3 ஓட்டக்கோடு (தண்ணீர் போகும் பாதை) சேர்த்து மொத்தம் 5 கோட்டில் பிளேடின் நடுவளைவை வைத்து லாஃப்ட் செய்யுங்கள். 5 வளைவும் ஒரே டிகிரி, ஒரே எண்ணிக்கையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். ஒன்றில் 6, இன்னொன்றில் 9 என்றால் லாஃப்ட் முறுக்கிக்கொள்ளும்.

பிளேடு ஹப் பரப்பில் மிகச்சரியாக முடிய வேண்டும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. 0.02 மில்லி இடைவெளி நின்றால் போதும், நிட் ஆகாது, அதாவது பரப்புகள் ஒன்றாகத் தைபடாது. இரண்டு பக்கமும் 3 மில்லி தாண்டி நீட்டி, பிறகு ட்ரிம் செய்யுங்கள்.

6 பிளேடையும் அச்சைச் சுற்றிக் காப்பி போட்ட பிறகு அடியில் ஃபில்லட் போட்டால் கம்ப்யூட்டர் திணறும், ஒன்றிரண்டு விழவும் செய்யும். ஒரு பிளேடுக்கு மட்டும் ஃபில்லட் போட்டு, அந்த 60 டிகிரி துண்டை வெட்டி 6 முறை சுற்றுங்கள். வெட்டும் பரப்பு நேரான தளமாக இருக்கக் கூடாது, பின்னோக்கி வளைந்த பிளேடை அது நடுவிலேயே அறுத்துவிடும். பிளேடின் நடுப்பரப்பையே காப்பி எடுத்து, 30 டிகிரி ஒரு பக்கமும் 30 டிகிரி மறுபக்கமும் சுழற்றி அதைக்கொண்டு வெட்டுங்கள். அப்போது வெட்டுக்கோடு இரண்டு பிளேடுக்கும் சரிநடுவில் ஓடும்.

உலோகம் ஆறும்போது சுருங்கும் அளவை (ஷ்ரிங்கேஜ்) கடைசியில் சேருங்கள். வார்ப்பிரும்புக்கு ஏறக்குறைய 1 சதவீதம், ஸ்டெயின்லெஸுக்கு 2. மெஷினிங் அலவன்ஸை (பிறகு கடைந்தெடுக்க விடும் கூடுதல் உலோகம்) முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் ஸ்கேல் செய்யுங்கள், அலவன்ஸும் சேர்ந்துதானே சுருங்கும். ஸ்கேல் மையம் சுழலச்சில் உள்ள ஒரிஜின், சென்ட்ராய்டு (பாகத்தின் வடிவ மையம்) அல்ல.

சோதனை பற்றி ஒரு வார்த்தை:

ஸீப்ரா கோடுகளை (பரப்பில் பிரதிபலிப்பு மாதிரி விழும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள்) எப்படிப் படிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். இணைப்பில் கோடு துண்டாகி விலகினால் ஓரங்கள் ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். சேர்ந்தும் மூலை மடங்கினால் தொடுகோடு மட்டும் ஒன்று. மடங்காமல் வழுக்கிக்கொண்டு போனால்தான் வளைவும் ஒன்று. ஆனால் டிஸ்பிளே தரத்தைக் கூட்டிவிட்டுப் பாருங்கள், முரட்டு முக்கோணங்களில் நல்ல பரப்பும் நெளிந்து தெரியும்.

சிஎன்சிக்குக் கொடுப்பவர்கள் இதையும் கணக்கிடலாம்: பாஸ்களுக்கு (கட்டரின் ஒவ்வொரு ஓட்டம்) நடுவே நிற்கும் முகடு, ஸ்டெப்ஓவரின் (இரண்டு பாஸ்களுக்கு இடையே உள்ள தூரம்) வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் வரும். 6 மில்லி விட்டமுள்ள பால்நோஸ் (உருண்டை நுனிக் கட்டர்), 0.3 ஸ்டெப்ஓவர் என்றால் ஏறத்தாழ 0.004 மில்லி. ஸ்டெப்ஓவரை 0.6 ஆக்கினால் முகடு 4 மடங்கு, பாலிஷ் ஆளுக்கு வேலையும் அதற்கேற்ப ஏறும். ஃபைலை ஸ்டெப் (STEP) வடிவத்தில் கொடுங்கள். ஐஜெஸ் (IGES) கொடுத்தால் பெரும்பாலும் பரப்புகள் தனித்தனியாகப் பிரிந்து, சிஎன்சி ஆள் மறுபடி உட்கார்ந்து தைக்க வேண்டிவரும்.