கோல்ட் ப்ரூ டிரம்மில் குழாய் அடைக்கிறது, அவசர உதவி தேவை

தூள்டப்பா_கோவை:
வணக்கம். கடையில் கோல்ட் ப்ரூ (காபித்தூளைப் பச்சைத்தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் காபி) போட 20 லிட்டர் எஸ்எஸ் டிரம் ஒன்று செய்து வாங்கினேன். அடியில் குழாய், குழாய் வாயில் சல்லடை. ஊறப்போட்டுவிட்டு மறுநாள் திறந்தால் முதல் 3 லிட்டர் நன்றாக வருகிறது. அப்புறம் நூல் மாதிரி, அப்புறம் சொட்டுதான். மீதியைக் கரண்டியால் மொண்டு மல்துணியில் வடிக்கிறேன், தோள்பட்டை விட்டுப்போகிறது. நாலு தடவையும் இதே கதை. சனிக்கிழமை ஒரு விசேஷத்துக்கு 12 லிட்டர் ஒத்துக்கொண்டிருக்கிறேன். டிரம்மில் என்ன மாற்ற வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏற்காடு_மிளகு:
எவ்வளவு தூள், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம், என்ன அரைவை? இதைச் சொல்லாமல் டிரம்மை மட்டும் பார்த்து என்ன சொல்வது?

காற்றுவழி:
மூடி ரப்பர் வாஷர் போட்டு இறுக்குகிற மாதிரியா? அப்படியென்றால் வேறு எதையும் தேட வேண்டாம். மேலே காற்று போக வழி இல்லாவிட்டால் கீழே தண்ணீர் இறங்காது. தண்ணீர் கேனைக் கவிழ்த்தால் குபுக் குபுக் என்று நிற்கிறதே, அதேதான். மூடியில் சின்ன ஓட்டை போடுங்கள்.

நல்லதண்ணி:
போர் தண்ணீரா, சிறுவாணியா? உப்புத் தண்ணீராக இருந்தால் அதனாலும் இருக்கலாம். ஆர்ஓ போட்டுப் பாருங்கள்.

பழைய_ஃபில்டர்:
மாதத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். முதலில் பாத்திரத்தைச் செய்துவிட்டு அப்புறம் காபியைப் பற்றிக் கேட்கிறார்கள். 1964-லேயே டாட் சிம்ப்சன் என்கிற கெமிக்கல் இன்ஜினியர் அமெரிக்காவில் டாடி என்ற கருவியைக் கொண்டுவந்துவிட்டார். அதிலும் அடியில்தான் துளை. ஆனால் உள்ளே தடிமனான ஃபெல்ட் (அழுத்திய துணி) வட்டு, மேலே கொரகொரப்பான தூள், அதைக் கிளறவும் கூடாது. இதையெல்லாம் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போயிருக்க வேண்டும்.

தூள்டப்பா_கோவை:
2 கிலோ தூள், 16 லிட்டர் தண்ணீர், 18 மணி நேரம். சிறுவாணித் தண்ணீர். மூடியைத் திறந்துவைத்துத்தான் பிடிக்கிறேன். தூள் வழக்கமான தூள்தான்.

ஏற்காடு_மிளகு:
வழக்கமான தூள் என்றால்?

தூள்டப்பா_கோவை:
ஃபில்டருக்கு அரைப்பது. 80-க்கு 20.

பழைய_ஃபில்டர்:
சிக்கரி! இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

ஏற்காடு_மிளகு:
சரி, இப்போது புரிகிறது. ஃபில்டர் அரைவை கொதிநீருக்கும் பத்து இருபது நிமிடத்துக்கும் ஆனது. 18 மணி நேரம் ஊறினால் அதிலுள்ள மாவு முழுவதும் மெதுவாக அடியில் இறங்கிச் சேறாகிவிடும். சிக்கரி அதைவிடச் சிக்கல். காபித்தூளில் கரையக்கூடியது சுமார் மூன்றில் ஒரு பங்குதான், சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். மிச்சம் ஊறி உப்பிப் பிசுபிசுவென்று சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். சிக்கரி இல்லாமல், உடைத்த மிளகு பதத்தில் அரைத்துத் தரச் சொல்லுங்கள். ரவைப் பதம்கூடப் பொடிதான்.

டிகிரி_மயிலை:
சிக்கரி போட்டால் அது காபியே இல்லை என்று அடுத்து யாராவது சொல்வார்கள். என் அம்மா 40 வருடமாக 80-20 தான் போடுகிறார். சூடோ குளிரோ, அந்தக் கசப்பும் நிறமும் சிக்கரி இல்லாமல் வராது.

பழைய_ஃபில்டர்:
கோல்ட் ப்ரூவுக்கு ஏன் கசப்பு? அமிலமும் கசப்பும் குறைவாக இருக்கும் என்றுதானே குடிக்கிறார்கள். வயிற்றுப்புண்காரர்களுக்கே கொடுக்கிறார்கள்.

டிகிரி_மயிலை:
அமிலம் குறைவு என்பதும் சரியில்லை. ஃபிலடெல்பியா ஆய்வாளர்கள் 2018-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். சூடான காபியும் குளிர்ந்த காபியும் 4.85-லிருந்து 5.13 பிஎச் வரைதான், ஏறக்குறைய ஒன்றே.

பழைய_ஃபில்டர்:
அதே ஆய்வில் சூடான காபியில் மொத்த அமிலம் அதிகம் என்றும் இருக்கிறது. பிஎச் வேறு, மொத்த அமில அளவு வேறு. பாதி படித்துவிட்டுப் பேசக்கூடாது.

டிகிரி_மயிலை:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக வயிற்றுப்புண்காரருக்கு மருந்து மாதிரி சொல்லக்கூடாது.

நல்லதண்ணி:
இப்போது அல்ட்ராசவுண்ட் வைத்து மூன்று நிமிடத்துக்குள் கோல்ட் ப்ரூ எடுக்கிறார்களாம், சிட்னியில் 2024-ல் செய்திருக்கிறார்கள். 18 மணி நேரம் எதற்கு?

பட்டறைக்காரன்:
அது எஸ்பிரெசோ மெஷினில் பண்ணியது, 20 லிட்டர் டிரம்மில் இல்லை. அவர் கேட்டது குழாய் அடைப்பு, அதற்கு வருவோம். தம்பி, நீங்கள் சொன்ன சல்லடை எவ்வளவு அகலம்? டிரம் அடி முழுக்கவா, குழாய் வாயில் மட்டுமா?

தூள்டப்பா_கோவை:
வாயில் மட்டும். 2 இஞ்ச் வட்டம். 100 மெஷ், அதாவது இஞ்சுக்கு 100 கண்.

பட்டறைக்காரன்:
அங்கேதான் தப்பு. 2 இஞ்ச் வட்டம் என்றால் சுமார் 20 சதுர செ.மீ. டிரம்மில் இருக்கிற சாறு முழுவதும் அந்த உள்ளங்கை அளவுகூட இல்லாத இடத்தின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதுவும் சேறு படிகிற ஆகக் கீழான இடத்தில். அரைவையை மாற்றினால் கொஞ்சம் குறையும், ஆனால் பாத்திரம் மாறாமல் முழுசாகத் தீராது.

சல்லடையை, தூளை உள்ளே போட்டு ஊறவைக்கிற கூடையாக மாற்றுங்கள். 20 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரம் உள்ள உருளை, சுற்றுச்சுவர் முழுக்க மெஷ். பக்கச்சுவர் மட்டுமே 1,880 சதுர செ.மீ.க்கு மேல் வரும், இப்போது இருப்பதைப்போல 90 மடங்குக்கும் அதிகம். மாவு கூடையின் அடியில் படிந்தாலும் மேல் சுவர் திறந்தே இருக்கும். கூடைக்குக் கீழே மூன்று கால் வைத்து 4 செ.மீ. தூக்கி நிறுத்துங்கள். குழாயையும் அடியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் 3 செ.மீ. மேலே வையுங்கள், தப்பி வருகிற வண்டல் கீழேயே தங்கிவிடும். ஊறியதும் கூடையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி அரை மணி நேரம் வடிய விடுங்கள், பிழியாதீர்கள். பிழிந்தால் மாவு வெளியே வரும்.

இன்னொன்று. தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 2 கிலோ போட்டால் 4 லிட்டர் போச்சு. 16-லிருந்து 12 வந்தாலே முழுசாக வந்ததாக அர்த்தம்.

ஏற்காடு_மிளகு:
குழாய் 'பால் வால்வா' (உள்ளே ஓட்டை போட்ட உருண்டை திரும்பித் திறக்கிற வகை) என்று பாருங்கள். உள்ளே உருண்டையைச் சுற்றிச் சாறு தேங்கி நிற்கும், வெளியே கழுவினால் போகாது. கழற்றித் தேய்க்கிற மாதிரி குழாய் போடுங்கள். மெஷ்ஷை வெல்டு பண்ணும்போதும் இடுக்கு விடாமல் பண்ணச் சொல்லுங்கள். இங்கே கொதிக்க வைப்பதே கிடையாது, கிருமி வந்தால் அப்படியே கப்பில் போகும். கோவை வெயிலில் 18 மணி நேரம் வெளியே வைக்கிறீர்களா, ஃப்ரிட்ஜிலா?

பழைய_ஃபில்டர்:
சனிக்கிழமைக்குள் கூடை தயாராகாது. இந்த முறை மட்டும் கொரகொரப்பான தூளை மல்துணிப் பையில் தளரக் கட்டி ஊறப்போடுங்கள், உப்ப இடம் விட்டு, இரண்டு பையாக. கிளறாதீர்கள்.

தூள்டப்பா_கோவை:
சனிக்கிழமை ரெண்டு பை போட்டேன், சிக்கரி இல்லை. 11 லிட்டர் வந்தது, சமாளித்தேன். கூடை பட்டறையில் கொடுத்தாச்சு. எல்லாருக்கும் நன்றி.

பட்டறைக்காரன்:
நல்லது தம்பி. கூடைக்கு எந்த மெஷ் சொன்னீர்கள்? குழாயை மேலே ஏற்றியாச்சா?

ஏற்காடு_மிளகு:
ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா என்றும் சொல்லிவிடுங்கள்.

பட்டறைக்காரன்:
இரண்டு வாரமாகிவிட்டது. கூடை வந்ததா? எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்று எழுதுங்கள், இங்கே இன்னும் இரண்டு பேர் அதே டிரம்மைச் செய்யக் கேட்டிருக்கிறார்கள்.